பில் போடுவதற்கு முன்பே

கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலைய வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், வேளச்சேரி, ஆலந்தூர் மக்களுக்கு அது பெரிய ஆறுதல். அதுவரை இதயத்துக்கோ மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ அரசு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்., ஸ்டான்லி, ராயப்பேட்டை போன்ற மருத்துவமனைகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆயிரம் படுக்கைகள் கொண்ட கட்டடத்தைச் சுமார் 230 கோடி ரூபாயில், அடிக்கல் நாட்டிப் பதினைந்து மாதங்களில் கட்டினார்கள். அதே வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் வந்தது.

இந்த மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒப்பீட்டைச் செய்கிறார்கள். கத்திப்பாராவைத் தாண்டி ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோவுக்கு லட்சங்களில் பில் வருகிறது; இங்கே அதையே காசு வாங்காமல் செய்கிறார்கள். இதைக் கேட்டு ஒருவர், தனியார்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்கிறார். இன்னொருவர், இலவசமாகத் தருவது எப்படித் தரமாக இருக்கும் என்கிறார். இரண்டு பேரும் பில்லை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது, பில் போடும் கவுன்ட்டருக்கு நோயாளி வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. மருந்தை எப்படி வாங்குகிறார்கள், இயந்திரம் நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த வேலையை யார் செய்கிறார்கள், வீட்டுக்குப் போன நோயாளி என்ன ஆனார் என்று யாராவது கேட்கிறார்களா என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. அந்த முடிவுகளைச் சரியாக எடுத்த மருத்துவமனைகளும் அமைப்புகளும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றிடமிருந்து கிண்டியும் கற்கலாம், கிண்டியைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவமனைகளும் கற்கலாம்.

முதலில் மருந்து. எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் ஊழலும் குளறுபடியும் மலிந்திருந்தன. ஒரு பக்கம் அவசர மருந்துகூட இருக்காது, மறுபக்கம் யாருக்கும் தேவைப்படாத மருந்து கிடங்கில் காலாவதியாகும். கழகம் செய்தது சில எளிய காரியங்கள். எந்தெந்த மருந்துகள் அவசியம் என்று பட்டியல் போட்டது. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் வேதிப் பெயரில் டெண்டர் கேட்டது. மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகச் சேர்த்துப் பேரம் பேசியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கு போல ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் ஒதுக்கிய தொகைக்குள் தங்களுக்கு வேண்டியதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தது யார் என்பதை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. தேறிய பிறகுதான் பணம். தேறிவிட்டால் பணம் தாமதமில்லாமல் கைக்கு வரும்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். அரசாங்கத்திடம் விற்றால் பணம் எப்போது வருமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார். அந்தப் பயம் நீங்கினாலே விலை இறங்கும். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. இன்று அரசு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களையும் இந்தக் கழகம்தான் நடத்துகிறது. வெளியே ஆயிரக்கணக்கில் கேட்கும் சி.டி. ஸ்கேனுக்கு இங்கே பல ஆண்டுகளாக 500 ரூபாய் கட்டணம்.

சேர்ந்து வாங்கும் இந்த வழி அரசுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2012ல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் அரசு, அறக்கட்டளை, தனியார் என எல்லா வகை மருத்துவமனைகளும் இருக்கின்றன. அவற்றில் சில கூடி 40 மருந்துகளுக்கு ஒன்றாகப் பேரம் பேசியபோது, உறையில் அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டால் 80 சதவீதத்துக்கும் மேல் மிச்சமாயிற்று. அதே கம்பெனி, அதே மருந்து.

உறையில் அச்சிட்ட விலை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல குடும்பங்கள் ஏமாறும் இடம் அது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018ல் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. ஊசி, சிரிஞ்ச், டியூப் போன்ற பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரியவந்தது. மருந்து, உபகரணம், பரிசோதனை ஆகியவை மொத்த பில்லில் ஏறக்குறைய பாதி. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளோ அதில் மிகச் சிறு பங்கு. எம்.ஆர்.பி.யைத் தாண்டி யாரும் விற்கவில்லை, சட்டம் மீறப்படவில்லை. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைக்குத் தோதாக எம்.ஆர்.பி.யே உயர்த்தி அச்சிடப்பட்டது. கடையில் விலை கூடினால் நாம் அடுத்த கடைக்குப் போவோம். ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவருக்கு அடுத்த கடை கிடையாது. அங்கே போட்டி வேலை செய்யாது என்பதால்தான் விலைக் கட்டுப்பாடு வருகிறது.

ஆனால் கட்டுப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2017 பிப்ரவரியில் இதயத்தில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு ஏறத்தாழ 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதற்கு முன் அது லட்சத்தைத் தாண்டி விற்றது. நோயாளியின் மொத்தச் செலவும் அதே அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், பல இடங்களில் இறங்கவில்லை. ஸ்டென்ட்டில் குறைந்தது அறுவை அரங்கக் கட்டணத்திலும் மருத்துவர் கட்டணத்திலும் ஏறிக்கொண்டது. ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனியே பில் போடும் முறை இருக்கும்வரை இது இப்படித்தான் நடக்கும். எதைச் சேர்த்தாலும் மருத்துவமனைக்கு வருமானம் என்றால், சேர்க்கத்தான் தோன்றும்.

அதற்கு மாற்று, முழுச் சிகிச்சைக்கும் ஒரே தொகை பேசுவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அப்படித்தான் இயங்குகிறது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012ல் இன்றைய பெயர் பெற்று, 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இன்ன அறுவைக்கு இவ்வளவு என்று முன்பே தொகை முடிவாகிவிடுவதால், தேவையில்லாமல் இன்னொரு ஸ்கேன் எடுத்தால் நஷ்டம் மருத்துவமனைக்கு. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது, கருவி வாங்கவும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் பயன்படுகிறது. கிண்டியில் காப்பீட்டு அட்டை கேட்கிறார்களே, இலவசம்தானே, எதற்கு அட்டை என்று கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் அட்டை அந்த மருத்துவமனைக்கு வருமானம்.

ஒரே தொகை முறையிலும் ஓட்டைகள் உண்டு. சிக்கலில்லாத நோயாளியை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பத் தோன்றும். ஒருநாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பத் தோன்றும். காப்பீட்டில் வராது என்று சொல்லித் தனியே கொஞ்சம் கையில் வாங்கத் தோன்றும். எந்த முறையில் பணம் கொடுத்தாலும் அதற்கேற்ற குறுக்குவழி முளைக்கும். அதனால்தான் சிகிச்சையின் முடிவைத் தனியாக அளந்தாக வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. கட்டடம், சம்பளம், மின்சாரம், இயந்திரத் தவணை எல்லாம் அதில் அடங்கும். காலியாக ஓடும் மாநகரப் பேருந்துக்கும் நிரம்பி ஓடும் பேருந்துக்கும் டீசல் ஏறக்குறைய ஒன்றுதான். இதை ஆழமாகப் புரிந்துகொண்டவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் பதினோரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி மற்றதில் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் கணக்கில் வந்துகொண்டிருந்தபோது, 1992ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலை வைத்துப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை நடந்தது. நன்கொடையை நம்பி இருக்க வேண்டிய தேவை வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே, மருத்துவமனை என்ன தொழிற்சாலையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரவிந்தை வெறும் வேகமாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவர்கள் வேகத்தோடு, எந்த மருத்துவரின் அறுவையில் எவ்வளவு சிக்கல் வந்தது என்ற கணக்கையும் விடாமல் வைத்திருந்தார்கள். ஒரே அறுவையை ஆயிரக்கணக்கில் செய்யும் கை தவறு குறைவாகச் செய்யும். கண்புரை போன்ற, முன்கூட்டியே நாள் குறிக்கக்கூடிய சிகிச்சைக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். நள்ளிரவில் வரும் பக்கவாதத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கிண்டி போன்ற இடத்தில் கேத் லேப்பும் அறுவை அரங்கும் மதியத்தோடு ஓய்ந்துவிடாமல் இரண்டாம் ஷிஃப்டும் ஓடினால், புதிதாக ஒரு படுக்கைகூடப் போடாமல் காத்திருப்புப் பட்டியல் குறையும். அதற்கு ஆள் வேண்டும். கட்டடத்துக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் செவிலியர், டெக்னீஷியன் பணியிடங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது நம் மாநிலத்தின் பழைய குறை.

இனி முடிவை அளப்பது. அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் மருத்துவத்தில் மதிப்பு என்பதற்கு ஓர் எளிய விளக்கம் கொடுத்தார். செலவழித்த பணத்துக்கு நோயாளிக்குக் கிடைத்த நலம் எவ்வளவு என்பதுதான் அது. எத்தனை படுக்கை, எத்தனை ஸ்கேன், எத்தனை அறுவை என்பவை எல்லாம் மருத்துவமனை செய்த வேலையின் கணக்கு. நோயாளி நடந்தாரா, வேலைக்குத் திரும்பினாரா, ஓராண்டு கழித்து உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் கிடைத்த நலத்தின் கணக்கு.

அந்தக் கணக்கை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் கிண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியின் கையிலும் டாக்டர் வி. சாந்தாவின் கையிலும் வளர்ந்தது. பணமில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. அதே அளவு கண்டிப்பாக இன்னொன்றையும் கடைப்பிடித்தார்கள். சிகிச்சை முடிந்து போனவர் மறுபரிசோதனைக்கு வரவில்லை என்றால் தேடிப் போய் விசாரிப்பது. 1981 முதல் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டையும் அவர்களே நடத்தினார்கள். அதனால்தான் சென்னையில் எந்தப் புற்றுநோயில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுகள் தாண்டி வாழ்கிறார்கள் என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்தது.

அதன் பலனுக்கு ஓர் உதாரணம் போதும். குழந்தைகளுக்கு வரும் கடுமையான ரத்தப் புற்றுநோயில் 1980களுக்கு முன் இங்கே பெரும்பாலான குழந்தைகள் இறந்தார்கள். மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. முன்பே கிடைத்துவந்த மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் கொடுப்பது என்பதை ஒழுங்குபடுத்தினார்கள், ஒவ்வொரு குழந்தையையும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பிழைக்கும் குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ பாதியை எட்டியது. வாங்கியது விலையுயர்ந்த புது இயந்திரம் அல்ல, கட்டுப்பாடும் பதிவேடும்தான்.

பிரசவ மரணங்களிலும் தமிழ்நாடு இதையே செய்தது. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்து, எந்த இடத்தில் தாமதம், ரத்தம் கிடைக்காததா, ஆம்புலன்ஸ் வராததா என்று கேட்கும் வழக்கம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இதே விசாரணையை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அறுவைக்குப் பின்வரும் கிருமித் தொற்றுக்கும் ஏன் செய்யக் கூடாது? வார்டில் ஒரு தொற்று வந்தால் ஒரு வாரம் கூடுதல் படுக்கை, விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக், சில சமயம் உயிர். கை கழுவும் ஒழுக்கம் இவ்வளவு பணத்தைக் காப்பாற்றும் என்பதை நம் மருத்துவமனை நிர்வாகங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

நோயாளி தரப்பிலிருந்து பார்த்தால், பில்லில் வராத செலவு ஒன்று உண்டு. கிண்டி தொழிற்பேட்டை 1958லிருந்து இருக்கிறது. அங்கே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் ஒருநாள் ஓ.பி.க்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. கூட வரும் மனைவியின் வீட்டு வேலைச் சம்பளமும் போயிற்று. ரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள், ரிப்போர்ட் வாங்க ஒருநாள், டாக்டரைப் பார்க்க ஒருநாள் என்று மூன்று முறை அலைந்தால் இலவச சிகிச்சைக்கு அவர் கொடுத்த விலை ஆயிரங்களில் இருக்கும். வீல்சேர் தள்ளுகிறவருக்கும் வார்டு மாற்றுகிறவருக்கும் கொடுக்கிற ஐம்பதும் நூறும் அதற்குமேல். நம் நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இது இன்னும் ஒழியவில்லை. கே.கே. நகரில் பெரிய மருத்துவமனை வைத்திருக்கும் இ.எஸ்.ஐ. திட்டம் இந்த இழப்பைப் புரிந்துகொண்டு அமைக்கப்பட்டது. நோயுற்ற நாள்களுக்குக் கூலியில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை தருகிறது. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளமும் முறையான பதிவும் இருப்பவர்களுக்குத்தான் அது. ஒப்பந்தக் கூலிகள் பலர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காக மருத்துவமனை செய்யக்கூடியது, மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துக்கொடுப்பது. காலையில் ரத்தம், மதியத்துக்குள் ரிப்போர்ட், அன்றே டாக்டர். புறநோயாளிப் பிரிவை இப்படி அடுக்கிவைக்கப் பெரிய பணம் தேவையில்லை.

இதோடு சேர்ந்தது, யாரை எங்கே பார்ப்பது என்ற கேள்வி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிற ஒருவர் மாத்திரைக்காக மாதாமாதம் உயர் சிறப்பு மருத்துவமனையில் வரிசையில் நிற்பது அவருக்கும் நஷ்டம், மருத்துவமனைக்கும் நஷ்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர், பத்து ஆண்டுகள் கழித்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வராமல் தப்புகிறார். கிண்டி மருத்துவர் எழுதும் மருந்து அவர் வீட்டுப் பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும், அங்கே இருக்கும் மருத்துவருக்கு இங்கே என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும். இப்போது அந்தத் தொடர்பைச் சுமப்பது நோயாளியின் கையிலிருக்கும் பிளாஸ்டிக் கவர். அது தொலைந்தால் எல்லா டெஸ்ட்டும் மறுபடி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பர் 13 அன்று இதே கிண்டி மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. காவலும் மெட்டல் டிடெக்டரும் தேவைதான். அதோடு, நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச மருத்துவருக்கு நேரம் ஒதுக்குவதும் தேவை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்த மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்று பத்து நிமிடம் விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் அந்தப் பத்து நிமிடம் மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் மூத்த செவிலியர்களையும் இந்த வேலைக்கென்றே வைக்கலாம். பல தேவையற்ற கடைசிக்கட்டச் சிகிச்சைகளும், குடும்பங்கள் நகையை அடகுவைத்து அடுத்த மருத்துவமனைக்கு ஓடுவதும் இதனாலேயே குறையும்.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கைக்காசு. 2021-22ல் அது 39.4 ஆகக் குறைந்தது. அரசு செலவும் காப்பீடும் கூடியதன் பலன் அது. மீதியைக் குறைக்கும் வேலை பெருமளவு மருத்துவமனைகளுக்குள்ளே நடக்க வேண்டியது.

கிண்டி மருத்துவமனை ஆண்டுக்கு ஒருமுறை சில எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் முப்பது நாள் கழித்து எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள். அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்கள் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார்கள். ஒரே மாதத்தில் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர். வார்டில் தொற்று வாங்கியவர்கள் எத்தனை பேர். காப்பீடு இருந்தும் கையிலிருந்து செலவழித்த குடும்பங்கள் எத்தனை. முதல் ஆண்டு எண்கள் அழகாக இருக்காது. கடினமான நோயாளிகள் அங்கேதான் வருகிறார்கள் என்பதால் சில எண்கள் தனியாரைவிட மோசமாகவும் தெரியலாம். நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யும் முறைகள் இருக்கின்றன, நிபுணர்களும் இருக்கிறார்கள், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அதே கிண்டியில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனை முதலில் வெளியிட்டால், காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் தனியார் மருத்துவமனைகளிடமும் அதையே நிபந்தனையாகக் கேட்கும் உரிமை அரசுக்கு வரும். திட்டத்தின் ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது அந்த நிபந்தனையைச் சேர்க்கலாம்.